ஜன்னலில் மூணாவது ஆணி

சளிப் போத்தல் கொடுத்து வாங்குற உத்தியோகத்தில் இருக்கிறவளைக் கண்டு யாரும் ஓட மாட்டாங்க. மூச்சை மட்டும் அடக்கிக்குவாங்க.

இருபது வருஷத்துக்குக் கிட்ட நான் அந்த வேலையைப் பார்த்தேன். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் உதவிக்காரி. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. பேர் எழுதுவேன், சீட்டு வாசிப்பேன், மருந்துப் போத்தல் கழுவுவேன். ரெண்டு மூணு கிழமையாக இருமுறவங்க வீட்டுக்குப் போய் மூடி போட்ட சின்னப் போத்தல் ஒன்றைக் கொடுத்து, மறுநாள் விடிஞ்சதும் அவங்க துப்பின சளியை வாங்கி வரணும். காசநோய் இருக்கான்னு பார்க்க அது டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும். உங்களில் யாராவது இந்த மாதிரி வேலை பார்த்திருந்தா, எத்தனை தரம் சவுக்காரம் போட்டுக் கை கழுவினாலும் சோத்தில் கை வைக்க மனசு வராத அந்தக் கஷ்டம் உங்களுக்கும் தெரியும்.

எனக்கு அதுக்கு மேலேயும் ஒரு கஷ்டம் இருந்தது. நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மாமனார் நெஞ்சில் வந்த புற்றுநோயால் போனார். அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரருடைய அண்ணன், என் மூத்தார், அவரும் அதிலேயே போனார். அடுத்தது என் வீட்டுக்காரர்தானோ என்ற பயம் எனக்கு. ஊர் இருமலை எல்லாம் போத்தலில் பிடித்த நான், அவருடைய இருமலுக்குக் காது கொடுத்துக்கொண்டே கிடந்த கதைதான் இது.

இருமாத லயம்

எங்கள் மேல் டிவிசன் லயத்தில் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. காலையில் பனி இறங்கி நிற்கிற நேரம்தான் நான் போவேன். தூரத்தில் வரும்போதே லயம் மொத்தமும் இருமுறது கேட்கும். முதல் காம்பராவை நெருங்கினதும் அங்கே சத்தம் நின்றுவிடும். ரெண்டாவதை நெருங்கினா அங்கேயும் நிற்கும். என் செருப்புச் சத்தம் போகப் போக ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ வாயைப் பொத்திக்கொள்றாங்க. கடைசி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தா, பனிக்குள்ளே ஒரு லயமே இல்லாத மாதிரி இருக்கும். நான் கோடியைத் தாண்டிப் போனதும் பன்னிரண்டு காம்பராவும் சேர்ந்து பின்னால் வெடிக்கும். அந்த நேரத்தில் திரும்பிப் பார்க்க எனக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை. "மாரியம்மா, தாயே" என்று சொல்லிக்கொண்டே நடப்பேன்.

"வீட்ல யாராச்சும் இருமுறாங்களா?" என்று கேட்டா, கண்ணில் தண்ணி முட்ட, கழுத்து நரம்பு புடைக்க, இல்லைன்னு தலையை மட்டும் ஆட்டுவாங்க. கடைசி காம்பராவில் இருந்த சிவனு மட்டும் ஒருநாள் அடக்க முடியாமல் இருமி முடிச்சு, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நீங்க நல்லவங்கதாம்மா. ஆனா நீங்க வந்துட்டுப் போற வீட்டுக்குப் பின்னாலேயே சாவுக்குத் தப்பு அடிக்கிறவனும் வந்துர்றானே!"

சூடு ஆறாத போத்தல்

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுற ராமையாவுக்குப் புதன்கிழமை போத்தல் கொடுத்தேன். வியாழக்கிழமை காலையில் அவர் செத்துப் போனார். மத்தியானம் அடக்கம். நானும் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் டிஸ்பென்சரி கதவைத் திறந்தால், வாசல் படியில் அந்தப் போத்தல் இருக்குது. என் கையெழுத்தில் "ராமையா" என்று எழுதின போத்தல். உள்ளே சளி. எடுத்தா இன்னும் சூடு ஆறலை. அப்படியே படியில் உட்கார்ந்து திருநீறைத் தேடினேன்.

பிறகு விசாரித்தா, அவர் சம்சாரம்தான் கொண்டு வந்து வச்சிருக்கா. "பேர் எழுதிக் கொடுத்த சாமானை வெறுமனே திருப்பிக் கொடுக்கிறது மரியாதை இல்லீங்களே. அதான் அவரு தம்பியைத் துப்பச் சொன்னேன்" என்றாள். நான் விஷயம் அறிவதற்குள் போத்தல் டவுனுக்குப் போய்விட்டது. கிருமி ஒன்றும் இல்லை என்று ராமையா பேரில் சீட்டும் வந்தது. எனக்கு அந்தச் சீட்டைப் பார்க்கவே பிடிக்கலை. மாமனாருக்கும் இதே மாதிரிச் சீட்டுத்தான் வந்தது. சளி சுத்தம் என்று லயத்துக்கே சீனி கொடுத்தோம். காசநோய் இல்லை என்று மட்டும்தான் அது சொல்லுச்சு, வேற ஒன்றும் இல்லைன்னு சொல்லலைங்கிறது நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்த பிறகுதான் எங்களுக்கு விளங்கினது. ராமையா சம்சாரமோ சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "செத்த பிறகாச்சும் அவரு நெஞ்சு சுத்தமாயிருச்சே, அது போதும்மா."

விலா எலும்புக்கு விளக்கு

என் மாமனாருக்கு ஒரு போட்டோ கிடையாது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அடையாள அட்டை ஏது, அட்டை இல்லாதவருக்கு போட்டோ ஏது? சாகுற வரைக்கும் அவரை எடுத்த ஒரே படம் டவுன் ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படம். அதைத்தான் எங்கள் காம்பராவில் ஜன்னல் சட்டத்தில் ஆணி அடிச்சு மாட்டி, பொட்டு வச்சு, மாலை போட்டோம். மூத்தாருக்கு அட்டையில் முகப்படம் இருந்தது. ஆனாலும் அப்பா படம் அப்படி இருக்கையில் மகன் படம் மட்டும் வேறே மாதிரி இருந்தா நல்லாயிருக்காது என்று அவருடைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் மாட்டினாங்க. ஜன்னல் சின்னது. ரெண்டு படமும் விளிம்புக்கு விளிம்பு ஏறித்தான் தொங்கும். உள்பக்கம் திறக்கிற ஜன்னல், அதனால் அதை அன்றையிலிருந்து யாரும் திறக்கலை. காலையில் வெயில் வந்ததும் ரெண்டு பேருடைய விலா எலும்பும் எதிர்ச் சுவரில் விழும். அடுப்புப் புகை அதுக்குள்ளே நெளியும்போது அந்த ரெண்டு நெஞ்சும் மூச்சு விடுற மாதிரியே இருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் ரொட்டி தட்டுவேன்.

ரெண்டு பேரும் முனியாண்டிக்குப் பூசாரி. எங்கள் முனிக்குச் சுருட்டுத்தான் படையல். சாமி இறங்கினதும் பூசாரி வாயில் சுருட்டைப் பற்ற வச்சுக் கொடுப்பாங்க. ஒன்று முடிய ஒன்றாக மூணு. புகையை வெளியே விடக் கூடாது, முழுங்கணும். வெளியே வந்தா சாமி ஏத்துக்கலைன்னு அர்த்தம். வெள்ளிக்கு வெள்ளி இப்படி முழுங்கினவங்களுக்கு மற்ற நாளில் சும்மா இருக்க முடியுமா? சாமி மிச்சம் வச்ச சுருட்டும் பீடியும் கூடவே வந்துரும். மூத்தாருடைய எட்டாம் நாள் முடிஞ்சு வீடு கூட்டும்போது பார்க்கிறேன், சட்டத்தில் ரெண்டு படத்துக்குப் பக்கத்தில் மூணாவதாக ஒரு ஆணி. புது ஆணி. யார் அடிச்சதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியலை. பூசாரிப் பட்டம் வாங்கி மூணு நாள் ஆன என் வீட்டுக்காரர் அதைப் பார்க்காமலே சொன்னார்: "இருந்தா இருந்துட்டுப் போவுது புள்ள, குடை மாட்டலாம்."

ஒரே தாய்ச்செடியில் வெட்டின கன்று

எனக்கு மனசு கேட்கலை. ஒருநாள் ரெண்டு படத்தையும் சேலைக்குள் சுருட்டி டிஸ்பென்சரிக்குக் கொண்டு போனேன். எங்கள் டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்தார். அதட்டிப் பேசுவார், ஆனால் மனசு வெல்லம். படத்தைக் கையில் வாங்கினவர், "இதில ஏன் பிள்ளை குங்குமம்?" என்று கேட்டுவிட்டு ஒன்றின் மேல் ஒன்றை வச்சு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரெண்டு நெஞ்சும் ஒரே நெஞ்சாகிப் போச்சு. வலது பக்கம் மேலே, அப்பா நிழலுக்குள் மகன் நிழல் சரியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த இடத்தில் இன்னொன்று வைக்க இடம் மிச்சம் இருக்கிற மாதிரியே எனக்குத் தோணினது. "இது குடும்பச் சாபமா ஐயா?" என்று கேட்டுவிட்டேன்.

"இடம் ஒண்டாக் கிடக்கிறது தற்செயல். அதைப் பார்த்துப் பயப்பிடாதையும்" என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே மலையைக் காட்டினார். "அந்த மலை முழுக்க ஒரே தாய்ச்செடியில வெட்டி வைச்ச கண்டுகள். சில தாய்ச்செடியின்ர கண்டுக்குப் பனி கண்டால் உடன கொப்புள நோய் வரும். பக்கத்து மலைக்கு அவ்வளவா வராது. அதுக்காகத் துரை தேயிலையைப் பிடுங்கி எறியிறாரே? மழைக்கு முன்னம் நிழல் மரத்துக் கொப்பை வெட்டி வெயிலையும் காத்தையும் விடுறார். நோய் குறையுது. மனுசரும் அப்பிடித்தான். தகப்பனுக்கும் தமையனுக்கும் வந்ததெண்டால் உம்மட மனுசனுக்கு வாற ஆபத்து மற்றாக்களை விடக் கொஞ்சம் கூட. அது இரத்தத்தால எவ்வளவு, ஒரே வீட்டுப் புகையால எவ்வளவு எண்டு எனக்குப் பிரிச்சுச் சொல்ல ஏலாது. வந்தே தீரும் எண்டும் இல்லை. ஆனா மற்றவன் ஊதலாம் எண்டில்லை, அவர் ஊதவே கூடாது. இண்டைக்கு விட்டாலும் வருசம் போகப் போக ஆபத்துக் குறையும்."

மருந்து ஏதாவது தாங்கய்யா, முன்கூட்டியே குடிக்க வச்சுர்றேன் என்று கும்பிட்டேன். டாக்டர் ஐயா படங்களைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "நெஞ்சை மாத்தித் தர என்னட்ட மருந்து இல்லைப் பிள்ளை. முதல்ல அந்த யன்னலைத் திறவும்."

பீடி தொடாத செல்லம்மா

ஜன்னலைத் திறக்கணும்னா படத்தைக் கழற்றணும். செத்தவங்களைக் கழற்றி எங்கே வைக்கிறது? வீட்டுக்காரர் கேட்கவே மாட்டேன் என்றார். "சுருட்டுனால வருதுன்னு சொல்றாரே உங்க டாக்டரு, சுருட்டு தொடாதவங்களுக்கு வரலையா?" என்று என்னையே மடக்கினார். அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, அந்த வருஷமே அவர் தங்கச்சி செல்லம்மா இரத்தமாகத் துப்பினாள்.

செல்லம்மா பீடியை விரலால் தொட்டதில்லை. பக்கத்து லயத்தில் இருந்தாள். அவளுக்குப் போத்தல் கொடுக்கப் போன நானே அவள் காம்பராவுக்குள் முழுசாக நுழைய முடியாமல் வாசலில் நின்றேன். புகைபோக்கி அடைஞ்சு பல வருஷம். கவ்வாத்து வெட்டின பச்சை மிலாறுக் குச்சியை அடுப்பில் வச்சு, ஊதுகுழலில் ஊதிக்கொண்டிருந்தாள். தகரத்திலிருந்து கறுப்பு ஒட்டடை தலைமயிர் மாதிரி தொங்குது. அவள் மூச்சை இழுக்கும்போது அது எல்லாம் அவள் பக்கம் வரும், விடும்போது தள்ளிப் போகும். கொஞ்ச நேரம் நின்று பார்த்ததில் யார் யாரை இழுக்கிறாங்கன்னு எனக்கே விளங்கலை. கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பிந்திப் போச்சு என்றாங்க. கடைசி நாளில் அவள் என் கையைப் பிடிச்சுக்கொண்டு, சிரிக்கப் பார்த்து, சொன்னது இது: "அண்ணி, சாமிக்கு எங்க அண்ணன் ஊதுனாரு. அடுப்புக்கு நான் ஊதுனேன்."

மூத்தார் வந்த நாள்

எங்கள் முனிக்கு வருஷப் பூசை உச்சி வேளையில். அந்த வருஷம் பட்டப்பகலில் பனி கவிழ்ந்து, கல்லும் சூலமும் ஒரு கை தூரத்தில் மறைஞ்சு போச்சு. உடுக்கு அடிச்சாங்க. வீட்டுக்காரர் மேல் சாமி இறங்கினது. முதல் சுருட்டை முழுங்கினார். ரெண்டாவதையும் முழுங்கினார். மூணாவதில் ஒரு இருமல் வந்தது. அது அவர் இருமல் இல்லை. முதலில் மூணு சின்னது, ஒரு இழுப்பு, பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு நீளம். மூத்தார் கடைசிக் காலத்தில் இருமினது அச்சு அசலாக அப்படித்தான்.

பனிக்குள் நின்ற சனம் எல்லாம் தரையில் விழுந்து கும்பிட்டது. "பெரியவரு வந்துட்டாரு!" என்றாங்க. நானும் கும்பிட்டுத்தான் நின்றேன், ஆனால் நான் பயந்தது வேறே காரணத்துக்கு. அத்தனை வருஷம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று இருமல் கேட்டவ நான். வந்தது ஆவியாக இருந்தா திரும்பிப் போயிரும். இது நெஞ்சுக்குள்ளேயே தங்க வந்த மாதிரி இருந்துச்சு. என் பக்கத்தில் மூத்தாருடைய சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுறவங்க, முந்தானையை வாயில் திணிச்சுக்கொண்டு அழுதாங்க. திடீரென்று என் தோளைப் பிடிச்சாங்க. "நாலு வருஷமா கேக்காத சத்தம் தங்கச்சி. இன்னொருக்கா இருமச் சொல்லேன்."

என் நெஞ்சு

படம் எடுக்கப் போகலாம் என்றால் வீட்டுக்காரர் ஒரே பிடி. "படம் எடுத்தவங்கள்ல யாரு உசிரோட இருக்கா, சொல்லு பார்ப்போம்? அப்பா எடுத்தாரு, போனாரு. அண்ணன் எடுத்தாரு, போனாரு. செல்லம்மா எடுத்தா, போனா." அவங்க எல்லாம் சாகக் கிடக்கும்போதுதான் எடுத்தாங்கன்னு சொன்னா காதில் ஏறலை. எட்டு வெள்ளி விரதம் இருந்தேன். எட்டாவது வெள்ளி சாமி முன்னால் நிற்கையில், படம் எடுத்தா சாவு என்றால் முதலில் நான் எடுத்துப் பார்க்கிறேனே என்று ஒரு எண்ணம் வந்தது. சளியோடு புழங்குறவள், எனக்கும் ஒரு வருஷமாகத் தொண்டையில் செருமல், ஒரு தரம் பார்க்கத்தான் வேணும் என்று டாக்டர் ஐயா சீட்டு எழுதித் தந்தார். ஆஸ்பத்திரியில் தாலியைக் கழற்றச் சொன்னாங்க. எப்படிங்க கழற்றுறது? அதுவும் அவருக்காக வந்த இடத்தில்? முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு மூச்சைப் பிடிச்சு நின்றேன்.

படம் நல்ல படம் என்றாங்க, நடுவில் ஏதோ விழுந்திருக்கு என்று திட்டினதைத் தவிர. வீட்டுக்கு வந்து, சாமி கும்பிட்டு, அதை மூணாவது ஆணியில் மாட்டினேன். மறுநாள் காலை வெயில் வந்தது. சுவரில் மூணு நெஞ்சுக்கூடு விழுந்தது. முகம் கழுவிவிட்டு உள்ளே வந்த வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். கையில் இருந்த செம்பு நழுவி உருண்டது.

"யாரு... யாரு அது?" என்றார். என்னுதுதாங்க என்றேன். "நீ எதுக்குடி அங்க தொங்குற?" என்று கத்தினார், பிறகு கிட்டப் போனார். விலா எலும்புக்கு நடுவில், சுவரில், தாலியும் ரெண்டு குண்டும் வெள்ளையாகத் தெரிந்தது. விரலை அதில் வச்சார். ரொம்ப நேரம் வச்சிருந்தார். அந்த ஆணியை அடிச்சது அவர்தான் என்று அப்போதுதான் சொன்னார்: "அண்ணனை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கே அடிச்சேன் புள்ள. என் இடம் எனக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு. உன்னை மாட்டுறதுக்கு இல்ல."

சாமிக்குப் பத்தியம்

அதுக்குப் பிறகுதான் வீட்டுக்காரர் படம் எடுக்கச் சம்மதிச்சார். அவர் படம் எடுத்து வந்த அன்று டாக்டர் ஐயா அதை எப்படித் தூக்கிப் பிடிச்சாரோ, அதே மாதிரி என் உயிரும் மேலே தொங்கினது. கட்டி ஒன்றும் இல்லை, புகையால் வீங்கின குழாய் என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னையும் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். "இண்டைக்குத் தெரியேல்லை எண்டுதான் இதில கிடக்கு. நாளைக்கு வராதெண்டு இல்லை. மூண்டு கிழமைக்கு மேல இருமினாலோ, இரத்தம் கண்டாலோ, மெலிஞ்சாலோ சாமியிட்ட கேக்காமல் என்னட்ட வாரும்."

வீட்டுக்காரர் பீடியை விட்டார். எத்தனை தரம் விட்டார் என்று கேட்காதீங்க, உங்கள் வீட்டிலும் ஒருத்தர் விட்டிருப்பார். சாமி சுருட்டை என்ன செய்யிறது? அதுதான் எங்களுக்குத் தெரியலை. வருஷப் பூசை வந்தது. உச்சி வேளை, அதே பனி. சாமி இறங்கினது. சுருட்டைப் பற்ற வச்சு வாய்க்கிட்ட கொண்டு போனாங்க. வீட்டுக்காரர் பல்லைக் கடிச்சார். பிறகு வேறே குரலில், "கல்லுல வை. எனக்கு நானே குடிப்பேன். எவன் நெஞ்சும் வேணாம்" என்று வந்தது. அது சாமி சொன்னதா, என் வீட்டுக்காரர் சொன்னதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவரும் தெரியாது என்றுதான் சொல்றார்.

சுருட்டைக் கல்லில் வச்சாங்க. காத்து இல்லை. பனி ஆடாமல் நின்றது. சுருட்டு முனை மட்டும் சிவக்கும், மங்கும், சிவக்கும், மங்கும், யாரோ நிதானமாக இழுக்கிற மாதிரி. புகை மேலே போகலை. கல்லைச் சுத்தி இறங்கி மண்ணுக்குள் போன மாதிரி எனக்குப் பட்டது. சாம்பல் உடையாமல் கடைசி வரை அப்படியே நின்றது. மூணு சுருட்டும் அப்படித்தான் தீர்ந்தது. ஒருத்தரும் இருமலை. கடைசியில் சிவனுதான் தலையில் அடிச்சுக்கொண்டார்: "போச்சுடா, சாமிக்கே பத்தியம் வச்சுட்டாங்க டிஸ்பென்சரிக்காரங்க!"

மறுநாள் அக்காவையும் கூப்பிட்டு வச்சுக்கொண்டு படங்களைக் கழற்றித் தகரப் பெட்டிக்குள் வச்சோம். திதிக்குத் திதி எடுத்துப் பொட்டு வைப்போம். ஜன்னல் திறக்கும்போது இறுகிப் போன மரம் ஒரு சத்தம் போட்டது. மூணு சின்னது, ஒரு இழுப்பு, ஒரு நீளம். அக்கா என்னைப் பார்த்தாங்க. நான் புகைபோக்கியைக் குத்திவிட ஒரு கம்பைத் தேடிப் போனேன். எங்கள் பிள்ளைங்க ரெண்டு பேரும் இப்போ கொழும்பில். ஊருக்கு வந்தா முதலில் அவங்க வாயைத்தான் மோந்து பார்ப்பேன். பீடி வாசனை இருந்தா அன்றைக்குச் சோறு கிடையாது.

வீட்டுக்காரர் புகையை விட்டுப் பல வருஷம் ஆச்சு, மூணாவது ஆணியில் இப்போது அவர் சொன்னபடியே ஒரு பழைய கறுப்புக் குடை கம்பி தெரியத் தொங்குது, எங்கள் வீட்டு ஆம்பளைங்களில் விலா எலும்பு தெரிஞ்சும் இருமாத ஒரே ஆள் அதுதான்.